உச்சியில் ஒரு புள்ளி

ஒரு கோல்ஃப் பையில் இரண்டு பந்துகள் இருந்தன. ஒன்று நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது. மற்றது அடிபட்டு அடிபட்டு ஒரு கன்னமெல்லாம் கீறல் விழுந்தது.

"அண்ணே, உங்களை இன்னுமா வச்சிருக்காங்க? நேராப் போவீங்களா?" என்றது புதுசு.

"எங்க தம்பி, குழிகிட்ட போனதும் இடப்பக்கமா இழுக்குது."

"கீறல் விழுந்தா அப்படித்தான். இனி உங்களை மைதானத்துக் குளத்துல வீச வேண்டியதுதான்."

அன்று ஆட்டக்காரி கோமளவல்லி ஒரு வாளித் தண்ணீரில் நிறைய உப்பைக் கரைத்து, பழசை மிதக்கவிட்டு, விரலால் சுழற்றினாள். அது ஆடி அடங்கியபோது கீறல் மேலே நின்றது. மறுபடி சுழற்றினாள். மறுபடியும் கீறல்தான் மேலே வந்தது.

"பாத்தீங்களா, அடிப்பக்கம் கனம்!" என்று சிரித்தது புதுசு.

அடுத்துப் புதுசை மிதக்கவிட்டுச் சுழற்றினாள். மூன்று தடவையும் கம்பெனிப் பெயர் போட்ட பக்கமே மேலே வந்து நின்றது. புதுசின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அண்ணே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லையே! என்னையும் குளத்துல போட்டுடுவாங்களா?"

"பேனா எடுக்கிறாங்க. பேசாம இரு."

கோமளவல்லி இரண்டையும் துடைத்து, தண்ணீருக்கு மேலே நின்ற இடத்தில் ஆளுக்கொரு கறுப்புப் புள்ளி வைத்தாள். மறுநாள் காலை, பயிற்சிப் புல்தரையில் கனமான பக்கம் நேர் கீழேயும் புள்ளி உச்சியிலும் இருக்கும்படி பழசை வைத்து மெதுவாகத் தட்டினாள். அது இம்மியும் விலகாமல் உருண்டு குழிக்குள் விழுந்தது. பின்னாலேயே புதுசும் வந்து அதன்மேல் விழுந்தது.

"அண்ணே," என்றது மூச்சு வாங்க, "என் புள்ளி அழியாம இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."