பெட்டி தூக்க வந்தவன்

"இது என் பெட்டி இல்லப்பா. யாரோ பொம்பளைங்க பெட்டி."

"மன்னிச்சுக்கங்க சார். இதோ மாத்திட்டு வந்துடறேன்."

ஓட்டல் சிப்பந்தி சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவில் முட்டி, சமாளித்து ஓடினான். பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்தே இவனோடு மல்லுக்கட்டுதான். காபி கொண்டுவந்தவன் கால் இடறி, அதை அவர் சட்டையில் கொட்டினான். துடைக்கிறேன் பேர்வழி என்று கறையைத் தோள்வரைக்கும் ஏற்றினான். இஸ்திரி போட எடுத்துப்போன மாற்றுச் சட்டை சொட்டச் சொட்ட ஈரமாகத் திரும்பி வந்தது.

போன் அடித்தது. மனைவி.

"அவ்வளவு தூரம் போயிட்டு, அவளைப் பார்க்காமலா வர்றீங்க?"

"வந்த வேலை முடிஞ்சுது. யாரையும் பார்க்க எனக்கு நேரமில்ல." வெடுக்கென்று வைத்தார். ஆனால் வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியான பெட்டி வந்தது. வந்த வேகத்தில் வாய் பிளந்து, வேட்டி, துண்டு, பல்பொடி எல்லாம் வராந்தாவில் உருண்டன. சிப்பந்தி மண்டியிட்டு, ஒவ்வொன்றாக உதறி மடித்தான்.

"மடிக்காதய்யா, அப்படியே திணி."

கீழே போகவேண்டிய லிஃப்ட் மொட்டைமாடிக்குப் போனது. இறங்கி வந்தால் வாசலில் வண்டியைக் காணோம்.

"டாக்ஸி சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் சார்." தலையைச் சொறிந்தான். "நாளைக்குன்னு சொல்லிட்டேன் போலிருக்கு."

பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரயில் ஊதிக்கொண்டு கிளம்புவது கேட்டது. பெரியவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னையெல்லாம் யாருய்யா வேலைக்கு வச்சது? உன் முதலாளி வரட்டும். உன் சீட்டைக் கிழிக்காம இங்கிருந்து நகர மாட்டேன்."

அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்களோன்னு பதறிட்டே வந்தேன்பா."

பெரியவர் எழுந்தார். அவள் கல்யாணத்துக்குப் போகாதவர். அனுப்பிய போட்டோக்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர்.

சிப்பந்தி குழந்தையை வாங்கி, கொஞ்சமும் தடுமாறாமல் அவர் கையில் வைத்தான்.

"இத்தனை வருஷத்துல இங்க ஒரு டம்ளரைக்கூடக் கீழ போட்டதில்ல. இன்னிக்கு மட்டும் மன்னிச்சுக்கங்க, மாமா."