நாற்பத்தொரு ஓட்டு

"நன்றி கெட்ட ஜனம்ணே! நீங்களே பாருங்க."

வட்டச் செயலாளர் தைரியராஜ் ஒரு காகிதத்தை மேசைமேல் போட்டார். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல்.

இரண்டாம் முறை ஜெயித்து, இரண்டாம் முறையும் சுகாதார மந்திரியாகி, ஸ்ரீரங்கம் வீட்டில் மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த டாக்டர் இளவரசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்குப் பின்தெரு. பதிவானது எண்ணூறு ஓட்டு. அவருக்கு விழுந்தது நாற்பத்தொன்று!

மந்திரியாகும்வரை இருபத்திரண்டு வருஷம் அந்தத் தெருவில்தான் அவர் கிளினிக் வைத்திருந்தார். போன தேர்தலில் அங்கே எதிர்க்கட்சிக்கு பூத் ஏஜென்டாக உட்காரக்கூட ஆள் கிடைக்கவில்லை.

"மத்த எல்லா பூத்லயும் நாமதான் லீடிங். நீங்க வைத்தியம் பார்த்த தெரு மட்டும் கவுத்துடுச்சு. எவன்கிட்டயோ கை நீட்டி வாங்கியிருக்காங்க. அந்தத் தெருவுக்குன்னு எழுதின புது ஆஸ்பத்திரியை கே.கே. நகருக்கு மாத்துங்கண்ணே. அப்பத்தான் புத்தி வரும்."

மந்திரிக்குச் சுருக்கென்றது. பேனாவை எடுத்தவர், மூடி வைத்தார்.

"முதல்ல நேர்ல போய்க் கேக்கறேன். வந்து கையெழுத்துப் போடறேன். வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

சைரன் சத்தத்தில் தெருவே எழுந்து நின்றது. வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மந்திரி வந்திருக்காரு, உக்காந்திருக்கியே?" தைரியராஜ் அதட்டினார்.

"வியாபார நேரம்" என்றாள் அவள்.

மந்திரி அவள் எதிரில் போய் நின்றார். "ராக்கம்மா, எனக்கு ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்ல. நான் மட்டுமில்ல, இந்தத் தெருவுல யாரும் போடாதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னதே நான்தான்."

"எவ்வளவு வாங்கின?" என்று சீறினார் தைரியராஜ்.

"நாக்கை அடக்கிப் பேசுங்க. குடுக்க வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிட்டோம். உங்க ஆளுங்களையும் சேர்த்துத்தான்!"

மந்திரி திரும்பிப் பார்த்தார். தைரியராஜ் அவசரமாக யாருக்கோ போன் போட ஆரம்பித்தார்.

"நான் என்னம்மா குறை வெச்சேன்? பெரியாஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம், டயாலிசிஸ் மெஷின்..."

"ஒரு குறையும் இல்ல. நல்ல மந்திரிதான்."

"அப்புறம்? உங்க தெருவுக்கே ஒரு ஆஸ்பத்திரி வரப்போகுது. அது வேணாமா?"

"எங்க வேணா கொண்டுபோய்க் கட்டிக்கோங்க!"

மந்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் பார்த்த வைத்தியத்துக்கு இதுதான் மரியாதையா? விருட்டென்று திரும்பப் போனவர் கண்ணில் அவளுடைய இடது கால் பட்டது. பாதத்தில் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தாள்.

"கால்ல என்ன?"

"புண்ணு."

"சுகர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?"

"கேக்க ஆளில்ல, நிறுத்திட்டேன்."

அவ்வளவுதான். வெள்ளை வேட்டியோடு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துத் துணியைப் பிரித்தார். போலீஸ்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"எத்தனை நாளா இது? அறிவிருக்கா உங்களுக்கு? இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்! சுகர்க்காரி புண்ணை வெச்சுக்கிட்டு வெங்காயக் குப்பையில உக்காருவாளா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு, இப்பவே!"

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ராக்கம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குரலில் மட்டும் முறைப்பு குறையவில்லை.

"இந்தத் திட்டு வாங்கி அஞ்சு வருஷமாச்சு டாக்டரய்யா. ஒருதரம் ஓட்டுப் போட்டு உங்களைத் தொலைச்சோம். தோத்துட்டா திரும்பி வந்து கிளினிக்கைத் திறப்பீங்கன்னு பார்த்தோம், மத்த ஜனங்க கெடுத்துட்டாங்க. அடுத்த தேர்தல்லயும் உங்களுக்கு எதிராத்தான் போடுவோம், என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்கோங்க!"