படத்தில் இருப்பவரின் சம்மதம்

"அந்தம்மாவை நேர்ல பாக்காம இந்தப் படத்தை நான் சென்னைக்கு எடுத்துட்டுப் போக முடியாது, காஞ்சனா."

சௌமியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சென்னையில் பெண் ஓவியர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பவள் அவள். காஞ்சனாவின் படத்தை வாசலிலேயே, உள்ளே வருபவர்கள் கண்ணில் முதலில் படும்படி மாட்டுவதாக முடிவாகியிருந்தது. அதை எடுத்துப் போகத்தான் திருத்தணிக்கு வந்திருந்தாள்.

காஞ்சனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக் கொடுத்தே காலம் ஓடிவிடும் என்று இருந்தவள். அவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி.

"அவங்களுக்கு வெக்கம் மேடம். யாரு முன்னாடியும் வர மாட்டேன்னு சொல்லிகினு இருக்காங்க."

படம் சுவரோரம் சாய்ந்து நின்றது. முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் உருவம். இடுப்பில் சுற்றித் தோளில் ஏறும் பச்சைச் சேலை. அது மூடாத இடமெல்லாம் வெறும் முதுகு, மலைப்படி ஏறி இறங்கிய களைப்போடு. மழித்த தலை முழுக்கச் சந்தனம். திருத்தணியில் மொட்டை ஒன்றும் அதிசயமில்லை. பாதி ஊர் மொட்டை, மீதி ஊர் முளைத்துக்கொண்டிருக்கும் மொட்டை. ஆனால் அதைப் படமாக வரைய யாருக்கும் தோன்றியதில்லை.

"பொண்ணுன்னா கூந்தல்தான் அழகுன்னு காலங்காலமா வரைஞ்சு தள்ளிட்டாங்க. நீங்க அதையே எடுத்துட்டீங்க!" என்றாள் சௌமியா. "இவங்களை எங்க கண்டுபிடிச்சீங்க?"

"மொதல்ல எங்க தெரு பொம்பளைங்களத்தான் கேட்டேன் மேடம். படத்துல முதுகக் காட்டினா வீட்ல தோல உரிச்சுடுவாங்கன்னு ஓடிட்டாங்க. கடைசியில இவங்கதான், நான் படற பாட்டப் பாத்துட்டு, பாவம்னு ஒத்துக்கினாங்க."

காஞ்சனாவின் கணவன் முரளிதரன் காபி கொண்டுவந்து வைத்தான். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவன். ஆள் ஒல்லி, மீசை மட்டும் பெரியது.

"வேற படம் எடுத்துகினு போங்களேன் மேடம்," என்றான். "முருகரு, வள்ளின்னு எவ்ளோவோ வரைஞ்சு வச்சிருக்கா."

"பாவா, நீங்க சும்மா இருங்க," என்றாள் காஞ்சனா.

அவன் சும்மா இருக்கவில்லை. "இத எத்தினி பேரு பாப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல வருவாங்க. பேப்பர்லயும் போடுவாங்க."

அதைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. சௌமியா அதைக் கவனித்தாள். இந்த மீசைதான் முட்டுக்கட்டை என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"போன வருஷம் ஒரு பெரிய ஓவியர், வேலைக்கு வந்த பொண்ணை அவளுக்கே தெரியாம வரைஞ்சு மாட்டிட்டார்," என்றாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று உரக்க. "வீட்டுல அவளைத் துரத்திட்டாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல. அப்பதான் நாங்க முடிவு பண்ணோம். படத்துல இருக்கறவங்க தன் வாயால சரின்னு சொல்லணும். சொன்னாத்தான் மாட்டுவோம். சரி, வரையும்போது அவங்க என்ன சொன்னாங்க?"

"மொத நாளு பாதியிலயே எழுந்துட்டாங்க மேடம். 'ஒருத்தர் உத்துப் பாத்துகினே இருந்தா முதுகெல்லாம் கூசுது காஞ்சனா. இது இப்டி இருக்கும்னு இத்தினி வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே'ன்னாங்க."

சௌமியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியாதா? பஸ்ல ஏறின எந்தப் பொண்ணுக்கு இது தெரியாது? அவங்களை வெளியவே விடாம வச்சிருக்காங்களா?"

காபி குடித்துக்கொண்டிருந்த முரளிதரனுக்குப் புரையேறியது.

"சார், உண்மையைச் சொல்லுங்க. நீங்கதான தடுக்கறீங்க?"

"நான் எதுக்குங்க தடுக்கறேன்? ஊரு சிரிக்கும் மேடம். தறிக்கூடத்துல ஒருத்தனும் வாய மூட மாட்டான். அவங்களுக்கு இஷ்டமில்லன்னா விட்ருங்களேன்."

"அதை அவங்க சொல்லட்டும். அவங்களுக்காக ஒரு ஆம்பளை பேச வேணாம்."

காஞ்சனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு படம் இனி தன் கையால் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம், விட்ருங்க. அவங்க மனசு ஒப்பலன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அப்பறம் அந்தப் பெரிய ஓவியருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வாசல்ல வேற யாராவது படத்த மாட்டிக்கோங்க."

எழுந்துபோய்ப் படத்தை உள்ளே கொண்டுபோகத் தூக்கினாள். சௌமியாவும் மனசில்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

முரளிதரன் குறுக்கே வந்து, மனைவியின் கையிலிருந்த படத்தை வாங்கினான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு சௌமியாவிடம் நீட்டினான்.

"சரிங்க மேடம். எடுத்துகினு போயி வாசல்லயே மாட்டுங்க."

"நீங்க சொன்னா எப்படி சார்?" சௌமியாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "படத்துல இருக்கறவங்கதான் சொல்லணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஆங், அவங்கதாங்க சொல்றாங்க," என்றான் அவன். "கிருத்திகைக்கு மொட்ட போட்டுகினு வந்த என்னியத்தான், இவ பொடவயச் சுத்தி ஒக்கார வச்சா."