கண் சிமிட்டவும்

பழைய எண்களுக்கெல்லாம் மறுபடியும் ஆளைச் சரிபார்க்க வேண்டும், தவறினால் இணைப்பு போய்விடும் என்று அரசாங்க உத்தரவு வந்திருந்தது. மகனுடைய எண்ணைக் காப்பாற்ற ஞானராசு செல்போன் கடைக்குப் போனார். அவர் மனைவி தினமும் அடுப்பை அணைத்துவிட்டு அந்த எண்ணை அழைப்பாள். மகனின் அறையில் மணி அடித்து ஓயும்வரை அடுக்களையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சிம் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வரணும் சார். கேமராவப் பாத்துக் கண்ணச் சிமிட்டணும். உயிரோட இருக்கிற ஆளான்னு அது பாக்கும்" என்றாள் கடைப்பெண்.

"கூட்டிட்டுதான் வந்திருக்கேன்மா" என்று ஞானராசு பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்தார். மாலையைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் மேல்மூலையில் கொஞ்சம் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பெண் படத்துக்கு நேரே தன் போனை உயர்த்திப் பிடித்தாள். திரையின் வட்டத்துக்குள் முகம் கச்சிதமாகப் பொருந்தியது. 'கண் சிமிட்டவும்' என்று எழுத்து மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது.

"சிமிட்ட மாட்டான்மா" என்றார் ஞானராசு, படத்தைத் தாழ்த்தாமல். "போட்டோ எடுக்கும்போது கண்ண மூடிராதலேன்னு சின்னதுல நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."