பயணத்தில் இருக்கிறவர்களுக்காக

"பயணத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபிப்போம். அந்தந்த வீட்டார் எழுந்து நில்லுங்கள்" என்றார் போதகர்.

சக்கர நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்து எழும்பப் பார்த்தார் அவள் கணவர். இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டாயிற்று.

அரை அடி எழும்பினார். தொப்பென்று உட்கார்ந்தார்.

அவள் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். சொன்னால் கேட்கிற ஆளா? மறுபடியும் கையை ஊன்றினார்.

இருபத்தோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் இந்த ஜெபத்துக்கு எழுந்து நிற்கிறவர் அவர். மற்ற வீடுகளில் யாராவது வெளியூர் போனால் நிற்பார்கள், போனவர் வந்து சேர்ந்ததும் விட்டுவிடுவார்கள். இவர் விடவேயில்லை. சபைப் பிள்ளைகள் வைத்த பெயரே 'நிக்கிற தாத்தா'. காதில் விழுந்தால் இவரும் சேர்ந்து சிரிப்பார்.

நிற்பது மகனுக்காக. ஒரே பிள்ளை. கப்பலில் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கடிதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு வரிகூட இல்லை.

அதற்கும் இவரிடம் ஒரு பதில் உண்டு. சோம்பேறிப் பயல், பரீட்சையிலேயே அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதவன், கடிதமா எழுதப்போகிறான்? வேறு கப்பலுக்கு மாறியிருப்பான், ஒருநாள் பெட்டியோடு வந்து நிற்பான். கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வார்.

முதல் இரண்டு வருஷம் அவளும் கூடவே நின்றாள். மூன்றாம் வருஷம் உட்கார்ந்தவள்தான். அவர் தனியாக நிற்பார், அவள் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சபையில் பேசாமல் இருப்பார்களா? பெற்ற வயிறா அது, கல்நெஞ்சுக்காரி என்றார்கள். விசுவாசம் போய்விட்டது என்றார்கள். அவள் காதில் படும்படியாகவே சொன்னார்கள். வீட்டுக்கு ஒருத்தர் நின்றால் போதாதா என்று வெடுக்கென்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இதே பெஞ்சுதான். பின்னாலிருந்து மூன்றாவது. நாலு வயதில் அவன் ஜெபத்தின்போது கண்ணை மூடவே மாட்டான். அவள் கையால் பொத்துவாள், விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பான். பிரசங்கம் தொடங்கினால் போதும், அவள் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவான். கால் மரத்துப்போகும். எழுந்துவிடுவானோ என்று அவள் அசையாமல் இருப்பாள்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வேதத்திலேயே மிகச் சின்ன வசனம் எதுவோ அதைத்தான் அவன் தினமும் சொல்வான். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தேடி ஓடுவான். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து, கையில் கிரீஸ் போகாமல் முழங்காலில் நிற்கும் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கு அவள் இரண்டு பேரையும் முறைத்திருக்கிறாள். எப்படியிருந்த வீடு அது!

"யாராச்சும் நிக்கணுமேம்மா" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "இன்னைக்கு ஒரு நாள் அவனுக்கு யாருமே நிக்கலைன்னு ஆயிடுமே."

கண் நிறைந்துவிட்டது. எழுபத்து மூன்று வயது மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. போதகரேகூட ஒரு நொடி தடுமாறி, பிறகுதான் ஜெபத்தைத் தொடங்கினார்.

அவர் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். நீயும் அவன் வருவான்னுதான் இருக்கே" என்று கிசுகிசுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மூன்றாம் வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிர்ச்சியான எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்திருந்த காலையில், கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். புயலில் போனவர்களில் அவனும் ஒருவன் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை என்றார்கள். அவள்தான் கையெழுத்துப் போட்டு அந்தக் காகிதத்தை வாங்கினாள்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறே அவர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை என்று அவளே சொல்லிவைத்தாள். வீட்டில் சொல்கிற பொய்யே போதும், ஆண்டவர் முன்னால் எழுந்து நின்று வேறு பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

இன்றைக்கும் பொய் சொல்லவில்லை.

'ஆண்டவரே, எங்க வீட்டுல இன்னும் பயணத்துல இருக்கிறது இந்த மனுஷன்தான். இவர் அங்க வந்து சேர்றப்போ, வாசலுக்கு எங்க பிள்ளையையே அனுப்பி வையும்.'