ஓரத்தில் விழுந்தது

“முதல்ல பொண்ணு, அப்புறம்தான் கேமரா” என்று கறாராகச் சொல்லிவிட்டாள் செல்வம்மாள்.

“பொண்ணுக்கு எங்கம்மா போறது? நான் எடுக்கிற போட்டோவுல எல்லாம் அடுத்தவன் பொண்டாட்டிதான் இருக்கா!” என்றான் மாதவன்.

ஓசூர் கம்பெனியில் ஷிப்ட், முகூர்த்த நாளில் கல்யாண போட்டோ, இதுதான் அவன் பிழைப்பு. ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாமா வேண்டாமா என்று மண்டை காய்ந்து, கடைசியில் சிநேகிதன் ஸ்ரீராமிடம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பாகலூர் கல்யாணத்துக்குப் போனான்.

பழைய கேமராவில் மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும்தான் விழுவார்கள். இதில், அதே இடத்தில் நின்று எடுத்தாலும் மேடையின் இரண்டு ஓரமும் சேர்ந்து விழுந்தது.

மறுநாள் படங்களைப் பார்த்தவன் துள்ளிக் குதித்தான். “அம்மா, ஓரமெல்லாம் என்னமா விழுந்திருக்கு!”

“ஓரத்தை வெச்சு என்னடா பண்ணப் போற?”

வண்டியை எடுத்துக்கொண்டு தளிக்குப் பறந்தான். சாயங்காலம் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான்.

“மேடை ஓரத்துல, பூ அலங்காரம் பண்ற தளிக்காரப் பொண்ணு சுப்ரியா நின்னிருக்காம்மா. எல்லாரும் தாலியைப் பாக்க, அவ மட்டும் என்னையே பாத்துட்டு இருக்கா. நெசமான்னு நேர்ல போய்க் கேட்டேன். ‘எல்லாக் கல்யாணத்துலயும் அங்கதான் நிக்கிறேன், நீங்கதான் என்னை வெட்டி வெட்டித் தள்ளினீங்க’ன்னு சண்டைக்கு வந்துட்டா!”

செல்வம்மாளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. “பாத்தியா, முதல்ல பொண்ணுதான்!”

“இல்லம்மா. கேமரா வாங்கினாத்தான் பொண்ணு வருவாளாம்!”