கருத்துக் கேட்புப் பிரியாணி

“இந்த அம்மாவுக்கு இருக்கிறது வயிறா, கிணறா?” என்று பல்லைக் கடித்தார் கமலநாதன்.

பின்னே என்ன? வெள்ளையம்மா இத்தோடு மூன்றாவது நடை. நடைக்குப் பன்னிரண்டு பொட்டலம். இப்போது மறுபடியும் காலிப் பையோடு எதிரில் வந்து நிற்கிறாள்.

“தலைவரே, லயத்துல நடக்க முடியாதவங்க இருக்காங்க. இன்னும் ஒரு பன்னெண்டு குடுங்க.”

“எடுத்துக்குங்க அக்கா, ஒங்களுக்கு இல்லாததா?”

வேறு என்ன சொல்வது? சாப்பாடு கேட்டு வந்தவளை இல்லையென்று அனுப்பினால் ரெங்கம் ஊர் முழுக்க ஒரு வருஷத்துக்கு அதையே பேசுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். தோட்டத்து மண்டப வாசலில் பெரிய பேனர்: ‘மக்கள் கருத்துக் கேட்பு.’

விஷயம் இதுதான். தோட்டம் விற்றுப்போய்விட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். இங்கேயே தரை வீடு கட்டித் தருகிறோம் என்று சொன்ன வீடமைப்புக் கம்பெனி, இப்போது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி பிளாட்டுக்குப் போங்கள் என்கிறது. கமிட்டிக்காரர்கள் போக அறுபது குடும்பம். ‘மக்களைக் கேட்டோம், சம்மதித்தார்கள்’ என்று ஃபைலில் வைக்க நாற்பது கையெழுத்தாவது வேண்டும்.

வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர் தோட்டக் கமிட்டித் தலைவர் கமலநாதன். அவருக்கு மட்டும் இதே மண்ணில் ஒரு கார்னர் லாட் மனை பேசி முடித்தாகிவிட்டது. பொதுச்சேவை செய்கிறவனுக்கும் குடும்பம் குட்டி இருக்கிறதல்லவா?

கையெழுத்து வாங்குவது அவருக்குக் கைவந்த கலை. கருத்துக் கேட்கிறோம் என்று கூப்பிட்டால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஆட்டுப் பிரியாணி என்றால் ஊரே வரும். வந்தால் வாசலில் வருகைப் பதிவு. அந்தத் தாளின் தலையில் மலாய் மொழியில் பொடி எழுத்தில் நாலு வரி சம்மதம். பசியோடு வருகிறவன் எழுத்தையா படிப்பான்? போன தீபாவளி விருந்தில் இப்படித்தான் பிள்ளைகள் பந்து விளையாடுகிற திடல் கைமாறிப் போனது.

ஆனால் இன்றைக்கு என்ன கேடோ, வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

மேசையில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆள் யுகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பாஸ், மணி ரெண்டாச்சு. நாலு கையெழுத்துதான் இருக்கு. நாலும் ஒங்க கமிட்டி ஆளுங்க.”

“பொறுங்க லா. வாசம் பிடிச்சு வந்துருவாங்க.”

வந்தது வெள்ளையம்மாதான். நாலாவது நடை முடிந்து ஐந்தாவது.

கமலநாதனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, வாய்விட்டே கேக்குறேன். மனசாட்சி வேணாமா? ஊருக்குன்னு வாங்கினத ஒரே ஆளா அள்ளிக்கிட்டுப் போறீங்க. ஒரு கையெழுத்துகூடப் போடல.”

வெள்ளையம்மா கோபப்படவில்லை. பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

“நான் எங்க தலைவரே சாப்பிட்டேன்? காலையில குடிச்ச தேத்தண்ணிதான். எங்க ஆளுங்களப் பத்தி ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிரியாணி வாசம் வந்தா கால் தன்னால இங்க இழுத்துக்கிட்டு வந்துரும். வந்தா கையெழுத்து. திடல் போன மாதிரி வீடும் போயிரும். அதான் எல்லாரையும் கோயில் கொட்டகையில ஒக்கார வச்சுட்டு, சாப்பாட்ட அங்கேயே கொண்டுபோய்க் குடுக்குறேன்.”

யுகேந்திரன் எழுந்து நின்றார். “அப்போ கருத்துக் கேட்பு?”

“அது முடிஞ்சிருச்சு தம்பி.”

பையின் பக்கத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஓரத்தில் நெய்க்கறை. மேலே, ‘எங்களுக்குச் சொன்னபடி இங்கேயே வீடு வேண்டும்.’ கீழே ஐம்பத்தெட்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. நாலைந்து கைநாட்டும் இருந்தது.

கமலநாதனின் முகம் செத்துப்போனது. ஆனாலும் தலைவர் தலைவர்தானே, சட்டென்று நியாயம் பிறந்துவிட்டது.

“பாத்தீங்களா யுகேந்திரன்? சோத்தக் காட்டி கையெழுத்து வாங்கியிருக்காங்க. பாவப்பட்ட சனங்கள இப்படி ஏமாத்தலாமா? இது செல்லாது லா.”

வெள்ளையம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“படிச்சுக் காட்டித்தான் வாங்கினோம் தலைவரே. போடமாட்டேன்னு சொன்ன ரெண்டு வீட்டுக்குத்தான் மொதப் பொட்டலமே போச்சு.”